வீல் கழுவ ஒரு பிரஷ்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் அப்பா

  தலைப்பைப் பார்த்துட்டு "இவனுக்கு எழுத வேற விஷயமே கிடைக்கலியா"ன்னு நினைக்கிறவங்க ஒரு நிமிஷம் பொறுங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஒரு பிரஷ் வாங்கப் போய் எங்கெங்கேயோ போய் முட்டிக்கிட்டு நின்ன கதை இது.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கோவில்பதாகை வீட்டு வாசல்ல நான், ஒரு பக்கெட் தண்ணி, என்னோட செகண்ட் ஹேண்ட் கார். அந்த வண்டியை வாங்கும்போது என்னை மயக்கினது இன்ஜின் இல்ல, கறுப்புக் கலர் அலாய் வீல். பத்து ஆரக்கால், ஒவ்வொண்ணும் பாதியில ரெண்டாப் பிரியும். பார்க்க அவ்வளவு அழகு. கழுவ உட்காரும்போதுதான் டிசைன் பண்ணவன் மேல கோவம் வரும். விரல் போகாது, துணி போகாது. நட்டு இருக்கிற அஞ்சு குழிக்குள்ள சுண்டு விரல் கூட முழுசாப் போகாது. வீலோட உள்பக்கத்துல, அதாவது ஆரக்காலுக்குப் பின்னாடி இருக்கிற வளையத்துல, கன்னங்கரேல்னு ஒரு பொடி படிஞ்சிருக்கும்.

இதுக்குன்னே நெட்ல தேடி மூணு பிரஷ் செட் ஒண்ணு ஆர்டர் பண்ணியிருந்தேன். விலை 899 ரூபாய். வீட்டம்மாவுக்குத் தெரியாது. இதைப் படிச்சா தெரிஞ்சிடும் :)

தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி, காஞ்ச பிரஷ்ஷால அந்தக் கரியை நல்லாத் தட்டிவிட்டு, வாயால 'ஃபூ'ன்னு ஊதினேன். திண்ணையில பேப்பர் படிச்சிட்டிருந்த அப்பா எந்திரிச்சே வந்துட்டார்.

"எலே, ஊதாத. மொதல்ல தண்ணிய ஊத்து."

"இல்லப்பா, பொடியாத்தானே இருக்கு..."

"பொடியா இருக்கதுனாலதாம்ல சொல்லுதேன்."

அப்பா அதிகம் பேசமாட்டார். தூத்துக்குடி மாவட்டத்துல ஒரு பனங்காட்டுக் கிராமத்துல பிறந்து, 1984ல மெட்ராஸ் வந்து, பாடி பக்கம் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்ல பிரேக் வேலைக்குச் சேர்ந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல அதே வேலை. அவர் எழுந்து வந்து ஒண்ணைச் சொன்னா அதுல விஷயம் இருக்கும். அன்னிக்கு ராத்திரி நான் தேட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

1. முதல்ல மண்ணும் சேறும்தான்

மாட்டு வண்டிச் சக்கரத்துல மூணு பாகம் உண்டு. நடுவுல குடம், அதுல இருந்து கிளம்பற ஆரக்கால், அதைச் சுத்தி வட்டை. வட்டைக்கு மேல இரும்புப் பட்டா. இதுல படியறது மண், சேறு, சாணி, அச்சுல போட்ட வண்டி மை. வைக்கோலைச் சுருட்டித் தேய்ச்சா போச்சு. இல்லேன்னா ஏரிக்குள்ள வண்டியை இறக்கி மாட்டோட சேர்த்துக் கழுவிட வேண்டியதுதான். எங்க கோவில்பதாகை ஏரியிலயும் அப்படி வண்டி இறங்கியிருக்கும்னு சத்தியம் பண்ணலாம்.

வெள்ளைக்காரன் ஊர்ல கோச் வண்டி வந்தப்போ கதை கொஞ்சம் மாறுச்சு. கோச் சக்கரத்துக்குப் பெயின்ட், மேல வார்னிஷ். சேறு காய்ஞ்சா வார்னிஷ்ல கறை விழும். அதனால வண்டி வீடு திரும்பின உடனே கழுவணும். சக்கரத்தை ஜாக்கி வெச்சுத் தூக்கி, சுத்தவிட்டுக்கிட்டே தண்ணி ஊத்துவாங்க. ஆரக்காலுக்கு நடுவுல விட்டுத் தேய்க்கிறதுக்குன்னே ஒடுக்கமா, நீளமா ஒரு பிரஷ் இருந்தது. பேரே 'ஸ்போக் பிரஷ்'. அதாவது நான் 899 கொடுத்து வாங்கினதோட கொள்ளுத்தாத்தா. கல் மாட்டின பிரஷ் வார்னிஷைக் கீறிடும்னு பயம் அப்பவே இருந்தது. எட்டாத இடத்துக்குப் பிரஷ் வேணும், ஆனா பிரஷ்ஷே கீறிடக்கூடாது. நூற்றைம்பது வருஷமா அதே பிரச்சினை!

நம்ம மெட்ராஸ்லயும் கோச் வண்டி கட்டினவங்க உண்டு. மவுன்ட் ரோடு சிம்ஸன் கம்பெனி 1840ல ஆரம்பிச்சப்போ பண்ணின வேலை அதுதான்.

2. அந்த பிரஷ் எதுல செஞ்சது?

இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். அன்னிக்கு நல்ல பிரஷ்ஷுக்கு ரெண்டு வழி. ஒண்ணு மிருக முடி, முக்கியமா பன்றி முடி. உலகத்துக்கே சப்ளை பண்ணினது சீனா. நம்ம ஊர்ல அந்த வியாபாரத்துக்குக் கான்பூர் பேர் போனது. இன்னொரு வழி செடி நார். பிரேசில்லயும் மேற்கு ஆப்பிரிக்காவுலயும் கிடைக்கிற பியசாவா, இலங்கையில கித்துள் மரத்துக் கறுப்பு நார், தென்னை நார், அப்புறம் நம்ம பனை நார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டோட கடைசியில இருந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியா பனை நார் கட்டுக்கட்டா ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியிருக்கு. அங்கே அதுக்கு 'பாசின்'னு வியாபாரப் பேர். தெருக்கூட்டற விளக்குமாறு, தொழிற்சாலை பிரஷ், தரை தேய்க்கிற கட்டை பிரஷ் எல்லாத்துலயும் நம்ம பனை. பனையை 1978ல தமிழ்நாட்டு மாநில மரமா அறிவிச்சாங்கன்னு பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க. அந்த மரம் லண்டன் தெருவைக் கூட்டினது எந்தப் பாடப் புத்தகத்துலயும் எனக்குச் சொல்லித் தரலை.

நார் எடுக்கிற விதம் இப்படி. பனை மட்டை மரத்தோட ஒட்டியிருக்கிற அகலமான அடிப்பாகம்தான் வேணும். பச்சையா இருக்கும்போதே அதைக் கட்டையால அடிச்சு நசுக்கி, ஆணிச் சீப்புல இழுத்துச் சீவினா நார் தனியா வரும். அதைக் காயவெச்சு, தடிமன், நீளம் பார்த்துத் தரம் பிரிச்சுக் கட்டுவாங்க. தெற்கத்திப் பக்கம் இதுக்குத் தும்புன்னு பேர். அடிக்கிற வேலை, சீவற வேலை எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான்.

இதை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன்.

"ஒங்க ஆச்சி செஞ்ச வேலைதாம்ல இது" அப்படின்னார்.

எனக்குத் தெரியவே தெரியாது. இருபத்தெட்டு வயசுல, எங்க ஆச்சி வீட்டு முற்றத்துல உட்கார்ந்து தும்பு அடிச்சவங்கன்னு ஒரு வீல் பிரஷ் மூலமாத் தெரிஞ்சுக்கறேன். ஆச்சியோட உள்ளங்கை எப்பவும் சொரசொரன்னு இருக்கும். சின்ன வயசுல என் முதுகைத் தடவினா கூசும். அந்தச் சொரசொரப்பு எங்கே இருந்து வந்ததுன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல.

பனை நாருக்கு ஒரு விசேஷம் உண்டு. நனைஞ்சாலும் விறைப்பு அதிகம் குறையாது. சேறு தேய்க்க அதுதான் வேணும்.

3. ஆரக்கால் மறைஞ்சு, திரும்பி வந்த கதை

ஆரம்பக் கால கார்களுக்கு வண்டிச் சக்கரம் மாதிரியே மரச் சக்கரம்தான். அப்புறம் சைக்கிள் மாதிரி கம்பி ஸ்போக். கம்பி வீல் வெச்ச கார் வெச்சிருந்தவனோட டிரைவர் ரொம்பப் பாவம். அறுபது, எழுபது கம்பி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல விரல் விட்டுத் துடைக்கணும்.

அதுக்கப்புறம் வந்த ஸ்டீல் டிஸ்க் வீல்தான் டிரைவருக்குக் கிடைச்ச விடுதலை. இரும்புத் தகட்டை அச்சுல அழுத்தி வளைச்சு, வளையத்தோட வெல்டு அடிச்சாப் போதும். நடுவுல பளபளன்னு ஒரு வீல் கப். அம்பாசடரை நினைச்சுப் பாருங்க. ஒரு பழைய பனியன் துணி போதாதா?

நம்ம ஏரியாவோட வரலாறு இங்கேதான் உள்ளே வருது. சி.டி.எச். ரோட்டுல பாடியில இருந்து ஆவடி வரைக்கும் பஸ்ல வர்றவங்க ஸ்டாப் பேரைக் கவனிச்சிருக்கீங்களா? லூகாஸ், டன்லப்னு கம்பெனி பேராவே இருக்கும். சும்மா இல்ல. அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸ் 1951ல சைக்கிள் செய்ய ஆரம்பிச்சது. டன்லப் டயர் ஃபாக்டரி 1959ல வந்தது. பாடியில வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ் டி.வி.எஸ். 1961, பிரேக்ஸ் இந்தியா 1962, ஏர் பிரேக்குக்கு சுந்தரம் கிளேட்டன், அதுவும் 1962. பிரேக் லைனிங்குக்கு ரானே 1964ல, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974ல. இந்தப் பக்கம் ஆவடி டேங்க் ஃபாக்டரியில இருந்து விஜயந்தா டேங்க் 1965ல வெளியே வந்தது. (ஆவடின்னா இங்கிலீஷ் எழுத்துச் சுருக்கம்னு யாராவது கதை விட்டா நம்பாதீங்க. டேங்க் வர்றதுக்கு முன்னாடியே, 1955ல, காங்கிரஸ் மாநாடு நடந்தப்பவே ஊர் பேர் ஆவடிதான்.)

சக்கரம், டயர், பிரேக், லைனிங். ஒரு வண்டி உருளறதுக்கும் நிக்கறதுக்கும் என்னென்ன வேணுமோ அத்தனையும் கோவில்பதாகையில இருந்து பைக்குல ஒரு மணி நேரத்துக்குள்ள போற தூரத்துல செஞ்சாங்க. அப்பா மாதிரி ஆயிரக்கணக்கான பேர் ஊரை விட்டு வந்து இங்கே குடியேறினது அதனாலதான்.

சைக்கிள்னு சொன்னதும் ஞாபகம் வருது. வீல் குடத்தைச் சுத்தி ஒரு கலர் பிரஷ் வளையம் மாட்டுவோமே, ஞாபகம் இருக்கா? வண்டி ஓட ஓட அது தானா ஆடி ஆடி குடத்தைத் துடைச்சிடும். கை எட்டாத இடத்தைக் கழுவறதுக்கு மனுசன் கண்டுபிடிச்சதுலயே புத்திசாலித்தனமான பிரஷ் அதுதான்னு நான் நினைக்கிறேன். பத்து ரூபாய் கூட இருக்காது!

சரி, ஆரக்கால் எப்படித் திரும்பி வந்தது? 1924 ஆகஸ்ட்ல பிரான்ஸ்ல லியோன் ரேஸ்ல புகாட்டி தன்னோட டைப் 35 காரை இறக்கினார். அதுல வார்ப்பு அலுமினியத்துல செஞ்ச எட்டு ஆரக்கால் வீல். பிரேக் டிரம்மும் அதோட சேர்த்தே வார்த்தது. அன்னிக்கு ரேஸ்ல டயர் தகராறு பண்ணி புகாட்டி ஜெயிக்கலைங்கறது வேற விஷயம். ஆனா அலாய் வீல்னு நாம இன்னிக்குச் சொல்றதுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அடுத்தது டிஸ்க் பிரேக். இங்கிலாந்துல லான்செஸ்டர் 1902லயே பேடன்ட் வாங்கினாலும், 1953 லெ மான் ரேஸ்ல டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயிச்ச பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆமா, நம்ம பஸ் ஸ்டாப் டன்லப்தான் :)

என் வீல் ஏன் இவ்வளவு கறுப்பாகுதுங்கறதுக்குப் பதில் இந்த ரெண்டுலயும் இருக்கு. டிரம் பிரேக்ல தேயற பொடி பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கும். டிஸ்க் பிரேக் திறந்த வெளி. பேடும் இரும்பு டிஸ்க்கும் உரசித் தேயற பொடி நேரா வீல் மேல தெறிக்கும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னாடி சாயறதால முன் வீல்தான் அதிகம் உழைக்கும், அதனால அதுதான் அதிகம் கறுப்பாகும். சூடா வர்ற இரும்புத் துகள் பெயின்ட்ல ஒட்டிக்கிட்டு, ஈரம் பட்டதும் துருப்பிடிக்கும். ரெண்டு வாரம் விட்டா பழுப்புப் புள்ளி விழும். அப்புறம் எந்த பிரஷ்ஷுக்கும் மசியாது. ஆரக்கால் அதிகமாக ஆக, பொடி உட்கார மூலையும் அதிகம்.

மண்ணைத் தேய்க்கிற விறைப்பான பிரஷ் இங்கே உதவாது. இரும்புத் துகளை வெச்சுப் பெயின்ட்டைத் தேய்ச்சா அது உப்புத்தாள்.

4. நைலானும் முறுக்குக் கம்பியும்

பாட்டில் கழுவற பிரஷ் எல்லார் வீட்டுலயும் இருக்கும். ரெண்டு கம்பிக்கு நடுவுல முடியை வெச்சு, கம்பியை முறுக்கினா முடி எல்லாப் பக்கமும் விரிஞ்சு நிக்கும். அவ்வளவுதான் டெக்னாலஜி. கனடாவுல பிறந்த ஆல்ஃப்ரெட் ஃபுல்லர் அமெரிக்காவுல அக்கா வீட்டு நிலவறையில உட்கார்ந்து, கையால சுத்தற மெஷின்ல இப்படிக் கம்பி முறுக்கி பிரஷ் செஞ்சு, வீடு வீடாப் போய் வித்தார். 1906ல ஆரம்பிச்ச அந்த ஃபுல்லர் பிரஷ் கம்பெனி பின்னாடி உலகப் புகழ். எந்த மூலையைச் சுத்தம் பண்ண முடியலைன்னு வீட்டுக்காரங்களையே கேட்டுக் கேட்டு, அதுக்கு ஏத்த மாதிரி பிரஷ் செஞ்சதுதான் அவரோட ரகசியம்.

அப்புறம் நைலான். நைலான்னதும் எல்லாரும் புடவை, ஸ்டாக்கிங்ஸ்னு நினைப்போம். ஆனா நைலான்ல கடைக்கு வந்த முதல் சாமான் ஒரு டூத் பிரஷ். அமெரிக்காவுல 1938 பிப்ரவரி. ரெண்டாம் உலகப் போர்ல சீனப் பன்றி முடி வர்ற வழி அடைபட்டதும் நைலானுக்கு யோகம் அடிச்சது. எத்தனை மெல்லிசு வேணுமோ அத்தனை மெல்லிசா இழுக்கலாம். நுனியைப் பிளந்து பூ மாதிரி ஆக்கலாம். தண்ணியில ஊறினா கொஞ்சம் மெத்துனு ஆகும்.

நனைஞ்சா மெத்துனு ஆகற நைலான் பெயின்ட்டுக்கு, நனைஞ்சாலும் விறைப்பா நிக்கிற பனை நார் டயருக்கு. ரெண்டு வரியில பிரஷ் தேர்வு முடிஞ்சது. பதிவை இங்கேயே முடிச்சிருக்கலாம். ஆனா அப்பா சொன்ன 'ஊதாத' பாக்கி இருக்கே.

5. இன்னொரு நார்

பிரேக் கட்டைக்கு மேல என்ன ஒட்டறதுங்கறது பழைய பிரச்சினை. 1888ல கார்ல் பென்ஸோட மனைவி பெர்த்தா, புருஷனுக்குச் சொல்லாம காரை எடுத்துக்கிட்டு மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினப்போ, மரக்கட்டை பிரேக் தேய்ஞ்சு போச்சு. வழியில ஒரு செருப்புத் தைக்கிறவரைப் பிடிச்சுக் கட்டை மேல தோலை அடிக்கச் சொன்னாங்க. உலகத்தோட முதல் பிரேக் லைனிங் அதுதான்னு சொல்றாங்க. இங்கிலாந்துல ஹெர்பர்ட் ஃப்ரூட், மலை இறக்கத்துல குதிரை வண்டிக்காரங்க பழைய பூட்ஸை பிரேக்ல சொருகறதைப் பார்த்துட்டு, 1897ல பிரேக் கட்டை செய்ய ஆரம்பிச்சார். ஃபெரோடோ கம்பெனி அப்படி வந்ததுதான். தோலும் பருத்தியும் சூட்டுல கருகிடும். கருகாத நார் ஒண்ணு வேணும். 1908 வாக்குல கிடைச்சது. கல்நார். ஆஸ்பெஸ்டாஸ்.

அடுத்த எழுபது எண்பது வருஷம் உலகம் பூரா வண்டிகளை நிறுத்தினது கல்நார்தான். நிறைய லைனிங்ல பாதிக்குப் பக்கம் அதுவே இருந்தது. நல்ல நார், சூடு தாங்கும், விலை மலிவு. ஒரே ஒரு குறை. தேய்ஞ்சு பொடியாகும், அந்தப் பொடி நுரையீரலுக்குள்ள போனா வெளியே வராது.

இது தெரியாம நடந்த தப்புன்னு நினைச்சீங்கன்னா இல்ல. இங்கிலாந்துல கல்நார் ஆலையில வேலை பார்த்த நெல்லி கெர்ஷான்னு ஒரு பெண் 1924ல இறந்தப்பவே டாக்டர் மருத்துவப் பத்திரிகையில எழுதிட்டார். 1930ல அரசாங்க அறிக்கை வந்தது, அடுத்த வருஷமே ஆலைகளுக்கு விதிமுறை வந்தது. ஆனா விதி ஆலைக்குத்தான். பிரேக் டிரம்மைக் கழட்டி, உள்ளே அடைஞ்சிருக்கிற பொடியை பிரஷ்ஷால தட்டி, ஏர் ஹோஸ் வெச்சு ஊதற மெக்கானிக் எந்த ஆலையில சேர்த்தி?

பிரேக் பிடிக்கிற சூட்டுல கல்நாரோட பெரும்பகுதி வேற பொருளா மாறிடும், ஆபத்து குறைவுன்னு ஒரு வாதம் ரொம்ப நாள் இருந்தது. மாறறது உண்மை. ஆனா கொஞ்சம் மாறாமலே தங்கிடும்கறதும் உண்மை. அமெரிக்காவுல 1994 விதிப்படி, கல்நார் இருக்கிற பிரேக்கை மூடின வாக்குவம் வெச்சு, இல்ல நல்லா நனைச்சுத்தான் சுத்தம் பண்ணணும். காஞ்ச பிரஷ் கூடாது. இங்கிலாந்து 1999ல வெள்ளைக் கல்நாரையும் தடை பண்ணினது. அமெரிக்கா அதைச் செஞ்சது 2024ல.

நம்ம நாட்டுல? 1995 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் ஒரு பெரிய தீர்ப்பு கொடுத்தது. தொழிலாளியோட ஆரோக்கியம் அடிப்படை உரிமை. கல்நார் கம்பெனிகள் ஒவ்வொரு தொழிலாளியோட மருத்துவ ரெக்கார்டையும், வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து 40 வருஷம், இல்ல வேலை விட்டு 15 வருஷம், இதுல எது பிந்தியோ அதுவரைக்கும் வெச்சிருக்கணும். ஏன் 40 வருஷம்? வியாதி வெளியே தெரியவே இருபது, முப்பது, நாற்பது வருஷம் ஆகும். அருமையான தீர்ப்பு. ஆனா தெருவோர லாரி ஒர்க்‌ஷாப் காகிதத்துல கல்நார் கம்பெனி கிடையாது. அங்கே ரெக்கார்டே கிடையாது. அப்பாவோட முப்பது வருஷத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்ல.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட கேட்டேன். நீங்க எப்படிப்பா சுத்தம் பண்ணுவீங்க?

"டிரம்ம களட்டி வெயில்ல கவுத்துப் போடுவோம். பெறவு தும்பு பிரஷ் வெச்சுத் தட்டுவோம். போவாததுக்கு ஏர் அடிப்போம். ஒர்க்‌ஷாப் பூரா வெள்ளையாப் பறக்கும். பறந்த பெறவுதான் டீ குடிப்போம்."

"மூக்குல துணி?"

"வேர்க்கும்லா, எவன் கட்டுவான்."

அப்பாவோட கூட வேலை பார்த்த ஒரு மாமா, நான் சின்னப் பையனா இருந்தப்போ என்னை லாரி ஸ்டியரிங்ல உட்கார வெச்சவர், கடைசி நாலு வருஷம் மூச்சு வாங்கி வாங்கியே போனார். பீடி குடிப்பார். டாக்டர் பீடின்னார், வீட்டுல பீடின்னாங்க, நாங்களும் பீடின்னோம். பீடியாவே இருந்திருக்கலாம். ஆனா என்ன வேலை பார்த்தீங்கன்னு எந்த டாக்டரும் அவரைக் கேட்கலைன்னு அப்பா சொன்னார். அவர் போனதுக்கு அப்புறம்தான் அப்பா எங்கேயோ ஒரு கூட்டத்துல இந்தக் கல்நார் விஷயத்தைக் கேள்விப்பட்டு, ஒர்க்‌ஷாப்ல பக்கெட் தண்ணி வெக்க ஆரம்பிச்சிருக்கார். "ஈரமாக்கிட்டுத் தட்டுங்கலே"ன்னு பசங்களைத் திட்டிக்கிட்டே இருப்பாராம். வேலை நேரம் வீணாகுதுன்னு முதலாளி முறைச்சாராம்.

யோசிச்சுப் பார்த்தா ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆச்சி அடிச்ச நார் பிரஷ்ஷாப் போச்சு. அந்த மாதிரி ஒரு பிரஷ்ஷை வெச்சுத்தான் அப்பா இன்னொரு நாரைத் தட்டித் தட்டிச் சுவாசிச்சிருக்கார். நான் வாசல்ல உட்கார்ந்து எந்த பிரஷ் கீறாதுன்னு பெயின்ட்டுக்காகக் கவலைப்பட்டுக்கிட்டிருக்கேன்.

போன மாசம் அப்பாவைக் கூட்டிட்டுப் போய் நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்கேன், மூச்சு டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. "பிரேக் லைனிங் வேலை, முப்பது வருஷம்"னு நானே டாக்டர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன், எழுதச் சொன்னேன். இப்போதைக்கு ஒண்ணுமில்ல, வருஷா வருஷம் பார்த்துக்கங்கன்னார். அப்பா பேர்ல ஒரு ஃபைல் போட்டிருக்கேன். அவரோட முதல் ரெக்கார்டு.

6. சரி, இப்போ எந்த பிரஷ்?

இவ்வளவு படிச்சவங்களுக்கு உபயோகமா நாலு வார்த்தை. இன்னிக்குப் புதுக் கார்ல வர்ற பிரேக் பேடுல பெரும்பாலும் கல்நார் இல்ல. ஆனா பொடியில இரும்பு, செம்பு, ஆன்டிமனி எல்லாம் உண்டு. பிரேக்ல இருந்து பறக்கிற துகளுக்கே ஐரோப்பா 2024ல நிறைவேத்தின யூரோ 7 விதியில அளவு வெச்சாச்சு. பெட்ரோல், டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். பழைய வண்டி, விலை மலிவான லைனிங் எல்லாம் என்னன்னு பார்வையில சொல்ல முடியாது. அதனால:

- வீல் ஆறின பிறகு மட்டும் கழுவுங்க. முதல்ல தண்ணி, பிறகுதான் பிரஷ். காஞ்ச பிரஷ், வாய், ஏர் ஹோஸ், மூணும் வேண்டாம்.
- முன்பக்கத்துக்குக் குட்டையான, நுனி பிளந்த மெத்துனு நைலான் பிரஷ், இல்ல முடி பிரஷ்.
- ஆரக்காலுக்குப் பின்னாடி போக நீளமான, ஒல்லியான மைக்ரோஃபைபர் பிரஷ். உள்ளே இருக்கிற தண்டு பிளாஸ்டிக்கா இருக்கணும். முறுக்குக் கம்பி பிரஷ்னா நுனியில மூடி இருக்கான்னு பாருங்க. பஞ்சு தேய்ஞ்சதும் உள்ளே இருக்கிற கம்பிதான் வீலைக் கீறும்.
- நட்டுக் குழிக்கு விரல் தடிமன்ல உருளை பிரஷ். பழைய டூத் பிரஷ் தாராளமாப் போதும். வரலாற்றுப்படி பார்த்தா நைலானுக்கு அதுதான் சொந்த ஊர்!
- டயருக்கு மட்டும் பனை நார் இல்ல தேங்காய் நார் பிரஷ். அதைத் தப்பித் தவறிக்கூட அலாய் பக்கம் கொண்டு போகாதீங்க.
- வீலுக்குத் தனி பக்கெட், தனி துணி. அதே துணியால பாடியைத் துடைச்சா கோடு விழும்.
- டிரம்மைக் கழட்டற வேலைன்னா, உங்க மெக்கானிக் காஞ்ச பிரஷ்ஷை எடுத்தா ஒரு மக்கு தண்ணியை நீங்களே ஊத்திடுங்க. முறைப்பார். பரவாயில்ல.

ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில நான் எந்திரிக்கிறதுக்குள்ள அப்பா நாலு வீலையும் கழுவி முடிச்சிருந்தார். 899 ரூபாய் பிரஷ் செட் பிரிக்காத மாதிரி ஓரமா இருந்தது. அவர் கையில பழைய டூத் பிரஷ் ஒண்ணு, பக்கத்துல பக்கெட் தண்ணி. வீலுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சுட்டு, "அந்த பிரஷ்ஷ ரிட்டன் போட்ருலே" அப்படின்னார்.

போடலை. ரிட்டன் டைம் முடிஞ்சிடுச்சு :(

டிஸ்கி: உங்க வீட்டுல யாராவது பழைய பிரேக், கிளட்ச் வேலை பார்த்தவங்க இருந்தா, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அந்த வேலையை வாய் திறந்து சொல்லச் சொல்லுங்க. எத்தனை வருஷம்கறதையும் சேர்த்து எழுத வைங்க. அப்புறம், உங்க ஊர்ல வண்டிச் சக்கரத்தை எதை வெச்சுக் கழுவினாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. சைக்கிள் பிரஷ் வளையத்துக்கு உங்க ஊர்ல என்ன பேர்னும் சொல்லுங்க, எனக்கும் அப்பாவுக்கும் அதுல ஒரு பந்தயம் ஓடிட்டிருக்கு.